ரிசல்ட் பக்கம் யார் கையில்?

கேரள எல்லையில் இருக்கும் எங்கள் வாயனசாலையில், அதாவது நூலகத்தில், அதிகம் புரட்டப்படும் புத்தகம் வருகைப் பதிவேடு. பெயர், ஊர், நேரம், கையெழுத்து என்று நாலே கட்டம்தான். ஆனால் கைமாற்று வாங்கியவர் எத்தனை மணிக்கு நழுவினார், கொடுத்தவர் எத்தனை மணிக்குத் தேடி வந்தார், வார்டு தேர்தலுக்கு நிற்கப்போகிறவர் திடீரென்று ஏன் தினமும் வாசிக்க வருகிறார் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. உள்ளே வருகிறவர் கையெழுத்துப் போடும் சாக்கில் இரண்டு பக்கம் பின்னோக்கிப் போய்ப் படித்துவிட்டுத்தான் பேனாவைத் தொடுவார். வாயனசாலைக்குக் கிரேடு போட லைப்ரரி கவுன்சிலிலிருந்து ஆள் வரும் நாளில் மட்டும் எதிர்த்த டீக்கடையே காலியாகி எங்கள் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருக்கும். டீயும் இங்கேயே வந்துவிடும்.

அடுத்த கிராக்கி பேப்பருக்கு. காலை எட்டு மணிக்குள் அது தாள் தாளாகப் பிரிந்து திசைக்கொன்றாகப் போயிருக்கும். ஒருவர் கையில் இருக்கும் தாளைக் கேட்பது இங்கே மரியாதையில்லை. எதிரில் உட்கார்ந்து பின்பக்கத்தைப் படித்துக்கொள்ள வேண்டும். வைத்திருப்பவர் சட்டென்று மடித்துவிட்டால் எதிரில் இருப்பவருக்கு மாமியாரைக் கொன்றது யார் என்று மதியம்வரை தெரியாது.

இந்த வாசகர்களில் மிகத் தீவிரமானவர்கள் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள். மலையாளத்தில் ஓரெழுத்துக்கூட அறியாத மனிதர் மலையாளப் பேப்பரை மூக்கில் இடிக்கிற மாதிரி வைத்துக்கொண்டு உதட்டை அசைத்து அசைத்துப் படிப்பதை முதன்முதலில் பார்ப்பவர்கள் இது என்ன மொழிப்பற்று என்று உருகிப்போவார்கள். விஷயம் வேறு. தமிழ்நாட்டில் 2003இல் லாட்டரிக்குத் தடை வந்தது. கேரளத்திலோ 1967 முதல் அரசாங்கமே லாட்டரி நடத்துகிறது. ஆகவே எல்லை தாண்டியதும் முதலில் கண்ணில் படுவது லாட்டரிக் கடை. சீட்டு வாங்க வருகிறவர் அப்படியே பழைய சீட்டுக்கு ரிசல்ட்டும் பார்த்துவிட்டுப் போக வேண்டுமல்லவா? செல்போனில் பார்க்கலாமே என்றால், "அதுல போட்டா நம்பிக்கை வராதுங்க, அச்சுல பாக்கோணுங்" என்பார்கள். அச்சின் மீது இவ்வளவு மதிப்பு வைத்த கூட்டத்தை நான் எந்தப் புத்தகக் கண்காட்சியிலும் கண்டதில்லை.

"ஏனுங்க, அந்த ரிசல்ட் பக்கம் ஆருகிட்ட இருக்குதுங்க?"

பதில் வராது. வைத்திருப்பவர் விழுந்ததா இல்லையா என்பதை முகத்தில் காட்டாமலிருக்கும் முயற்சியில் இருப்பார்.

இவர்களுக்கு முன்னால் லாரிக்காரர்கள் இருந்தார்கள். எல்லையிலுள்ள வாளையார் சோதனைச்சாவடியில் காகிதம் சரிபார்த்து வெளியே வருவதற்குள் ஷேவ் செய்த முகத்தில் தாடி வளர்ந்துவிடும் காலம் அது. நாமக்கல், சங்ககிரி டிரைவர்கள் வண்டியை வரிசையில் விட்டுவிட்டு வந்து, தமிழ் வார இதழ்களை அட்டையிலிருந்து அட்டைவரை படித்தார்கள். தொடர்கதைக்கு அடுத்த வாரம் என்ன என்று தெரிந்துகொள்ள அடுத்த லோடுக்குக் காத்திருந்தவர்கள் உண்டு. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. வணிகவரிச் சோதனை மூட்டை கட்டியது, லாரிகள் நிற்காமல் போயின. பொருளாதார நிபுணர்கள் அந்த வரியின் சாதக பாதகங்களை நிறையவே அலசினார்கள். எங்கள் தமிழ் வாசகர் வட்டம் ஒரே மாதத்தில் கலைந்ததை ஒருவரும் எழுதவில்லை.

சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கென்று ஐந்து விதிகள் வகுத்தார். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது அதில் நாலாவது. பெரிய மனிதர், உலகமே ஏற்றுக்கொண்டது. அவர் பாடுபட்டுக் கொண்டுவந்த 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் பிறந்தபோது எங்கள் ஊரும் மலபார் மாவட்டத்தோடு சேர்ந்து சென்னை மாகாணத்தில்தான் இருந்தது. இருந்தும் அந்த நாலாவது விதி இங்கே செல்லவில்லை. எங்கள் ஆட்கள் வருவதே நேரத்தைச் செலவழிக்க. ஃபேன் ஓடுகிறது, பெஞ்சு இருக்கிறது, வீட்டில் வேலை சொல்கிறார்கள்.

புத்தகம் எடுக்கிறவர்களே இல்லையா என்றால், இருக்கிறார்கள். அரசு வேலைக்கான பி.எஸ்.சி. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் வழிகாட்டி நூல்களை மூலைக்கு மூலை ஒளித்துவைக்கிறார்கள். கதைப் புத்தகம்தான் பாவம். 'கசாக்கின் இதிகாசம்' இருக்கிறது: ஓ.வி. விஜயன் எழுதியதும், யூமா வாசுகி தமிழாக்கி சாகித்திய அகாடமியின் மொழிபெயர்ப்பு விருது பெற்றதும் பக்கத்தில் பக்கத்தில். அந்த நாவலுக்குக் களமான தஸ்ராக் எங்களுக்கு எட்டுகிற தூரம்தான். அதுவே வினையாகிவிட்டது. எடுத்துக் கொடுத்தால், "அட, நம்ம தஸ்ராக் கதைதானே, நமக்குத் தெரியாததா?" என்று திருப்பி வைத்துவிடுகிறார்கள்.

இதே கேரளத்தின் இன்னொரு எல்லையில், இடுக்கிக் காட்டுக்குள் இருக்கும் இடமலைக்குடியில், முதுவான் குலத்துச் சின்னத்தம்பி தம் டீக்கடையிலேயே ஒரு நூலகம் நடத்தினார். 160 புத்தகம், சாக்கு மூட்டையில். உறுப்பினராக 25 ரூபாய், மாதம் 2 ரூபாய். புத்தகம் எடுக்க வருகிறவர்களுக்குக் பாலில்லாத கட்டஞ்சாயா இலவசம். மலையாள எழுத்தாளர்கள் பஷீர், எம்.டி. ஆகியோரின் கதைகளும் மலையாளத்தில் சிலப்பதிகாரமும் அந்த மூட்டையில் இருந்தன. யானை நடமாடும் பாதையில் நடந்துவந்து அவற்றை வாங்கிப்போனார்கள். எங்கள் செயலாளரிடம் இதைச் சொன்னேன். நெடுநேரம் யோசித்தவர், "சாயா ஃப்ரீயா கொடுத்தா இங்கேயும் வருவாங்க, ஆனா புத்தகத்தை வச்சுட்டு சாயாவை மட்டும் எடுத்துட்டுப் போயிருவாங்க" என்றார்.

வாயனசாலைக்கு வர முடியாத பெண்களுக்கும் முதியவர்களுக்கும் லைப்ரேரியன் சேச்சியே பையில் புத்தகம் போட்டுக்கொண்டு வீடு தேடிப் போகும் திட்டம் ஒன்று உண்டு. எங்கள் தெருக் கோடியில் ஒரு பாட்டிக்கு அதில் ஏக ஈடுபாடு. சேச்சி தடிமனான நாவலை நீட்டினால் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார்.

"மெலிசா ஏதாச்சும் குடு கண்ணு. இதைக் குடுத்தா நீ ரெண்டு மாசத்துக்கு இந்தப் பக்கம் வரமாட்டே."

சிறுவர் கதை, சமையல் குறிப்பு, காளான் வளர்ப்பு என்று மெலிசு மெலிசாய் வாங்கி, அந்த வருடம் அதிகப் புத்தகம் எடுத்தவர் பட்டியலில் பாட்டி முதலிடத்துக்கு வந்துவிட்டார். ஜூன் 19, பி.என். பணிக்கரின் நினைவு நாள், இங்கே வாசிப்பு நாள். 1945இல் 47 நூலகங்களைக் கூட்டிவைத்து நூலக இயக்கத்தைத் தொடங்கிய மனிதரின் படத்துக்கு மாலை போட்டு, பாட்டிக்குப் பொன்னாடையும் போர்த்தி, வாசிப்பு அனுபவத்தைப் பற்றி நாலு வார்த்தை பேசும்படி மைக்கைக் கொடுத்தார்கள். பாட்டி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, போன மாதம் சேச்சி ரெண்டு வாரம் எட்டிப் பார்க்காதது பற்றிக் கமிட்டி என்ன நடவடிக்கை எடுத்திருக்கிறது என்று கேட்டார்.