ஆறு ஏழு நாற்பத்திரண்டு

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மூன்று தலைமுறை குடியிருக்கிறது. அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர், எண்பதைத் தாண்டியவர். அம்மா அவர் போனை எட்டிப் பார்த்தே எல்லாவற்றையும் படித்துவிடுவார். மகள் வெளியூரில் விடுதியில் தங்கிக் கல்லூரிக்குப் போகிறாள். மகன் எட்டாம் வகுப்பு. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்த இடத்தில் நானும் என் மனைவியும். எல்லோரும் எழுதுவது தமிழ்தான். ஒருவர் எழுதுவது மற்றவருக்குப் புரிவதில்லை, அது ஒன்றுதான் குறை.

முதல் தகராறு முற்றுப்புள்ளியால் வந்தது. "இந்த வாரம் ஊருக்கு வரல" என்று மகள் போட்டாள். அப்பா "சரி." என்று பதில் போட்டார். உடனே எனக்கு போன் வந்தது.

"தாத்தாவுக்கு என் மேல என்னப்பா கோபம்?"

"கோபமா? சரின்னுதானேம்மா போட்டிருக்கார்."

"புள்ளி வெச்சிருக்காரேப்பா!"

இந்தப் பிள்ளைகளின் கணக்கில், ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் புள்ளி வைத்தால் 'இதோடு பேச்சை நிறுத்திக்கொள்' என்று பொருளாம். முற்றுப்புள்ளி வைக்காத பையன்களுக்கு அரை மதிப்பெண் குறைத்தே காலமெல்லாம் வாத்தியார் வேலை பார்த்தவரிடம் இதை எப்படிச் சொல்வது? சொன்னேன். "ஒரு வாக்கியத்தை முடிக்கிறதுக்குப் பேத்திகிட்ட அனுமதி வாங்கணுமா?" என்று குழுவிலேயே எழுதினார். அப்போது அவருக்கு உண்மையிலேயே கோபம். ஆனால் அதில் புள்ளி இல்லை, கேள்விக்குறிதான். மகள் நிம்மதியாகிவிட்டாள்.

அடுத்தது மண்டை ஓடு. நான் ஒரு ஜோக் போட்டேன். மகள் அதற்கு ஒரு மண்டை ஓட்டை அனுப்பி, கீழே "செத்துட்டேன்" என்று எழுதினாள். "வெள்ளிக்கிழமை விளக்கு வெச்ச நேரத்துல என்ன பேச்சு பேசுது இந்தப் பிள்ளை!" என்று அம்மா பதறிப்போனார். மண்டை ஓடு என்றால் விழுந்து விழுந்து சிரிப்பது என்று விளக்கம் வந்தது. கண்ணீர் வரச் சிரிக்கும் அந்த மஞ்சள் முகம் எங்கே போயிற்று என்று கேட்டேன். அது பெரியவங்க போடுறதாம். 2015-இல் ஆக்ஸ்போர்டு அகராதிக்காரர்கள் 'ஆண்டின் சொல்' என்று முடிசூட்டியது அந்த முகத்துக்குத்தான். பத்து வருடம்கூடத் தாங்கவில்லை, அதற்கு முதியோர் பென்ஷன் கொடுத்துவிட்டார்கள்.

அப்பாவின் கவலை வேறு மாதிரி. "செத்தவரைத் துஞ்சினார்னு சொன்னா அது மங்கலம். சிரிச்சவ செத்தேன்னு சொன்னா அதை எந்த வழக்குல சேர்க்கிறது?" என்று நன்னூலைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

மகன் கதை தனி. வீட்டில் யார் வாயிலிருந்து ஆறு, ஏழு என்ற எண்கள் வந்தாலும், இரண்டு உள்ளங்கைகளையும் தராசுத் தட்டுபோல் ஏற்றி இறக்கி, "சிக்ஸ் செவன்!" என்று கத்துவான். அமெரிக்க ராப் பாட்டு ஒன்றில் வந்தது, கூடைப்பந்து வீடியோக்களில் பரவி எங்கள் கூடம்வரை வந்துவிட்டது. பொருள் இதுதான் என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாத இதை, 2025-இன் சொல்லாக டிக்‌ஷனரி.காம் தேர்ந்தெடுத்தது. அப்பா மட்டும் கலங்கவில்லை. அவன் "சிக்ஸ் செவன்" என்றதும் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தாமலே "நாற்பத்திரண்டு" என்பார். பேரனுக்கு வாய்ப்பாடு ஞாபகம் இருக்கிறது என்பதில் அவருக்குப் பரம திருப்தி.

எரிச்சல் எனக்குத்தான். ஒருநாள் பொரிந்து தள்ளினேன். அப்பா அமைதியாக, "இதெல்லாம் குழூஉக்குறி" என்றார். பள்ளியில் எல்லோரும் படித்ததுதான். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பார். "கடைக்கு வந்தவனுக்குப் புரியக்கூடாதுன்னுதான் தட்டான் அந்தச் சொல்லை வெச்சிருக்கான். உனக்குப் புரியலேன்னா, சொல் ஒழுங்கா வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

அதோடு விட்டாரா? என் பழைய கணக்கையும் எடுத்தார். 2004-இல் தமிழ்மணம் திரட்டி வந்த பிறகு தமிழில் வலைப்பதிவு எழுதக் கிளம்பிய கூட்டத்தில் நானும் ஒருவன். முதல் ஆளாகப் பின்னூட்டம் போட்டால் "மீ த ஃபர்ஸ்ட்டு", அடுத்தவர் கருத்தை ஆமோதித்தால் "ரிப்பீட்டேய்", அழுதால் வடிவேலு பாணியில் "அவ்வ்வ்வ்". பதிவின் அடியில் 'டிஸ்கி' என்று ஒரு பொறுப்புத் துறப்பு. ஒரு பதிவை அச்செடுத்து அப்பாவிடம் பெருமையாகக் கொடுத்தேன். சிவப்பு மையில் திருத்தித் தந்தார். டிஸ்கிக்கு எதிரே, "யார் இவர்?" என்று எழுதியிருந்தார்.

சுருக்கெழுத்துகூட இளசுகளின் கண்டுபிடிப்பு இல்லை. 'ஓ மை காட்' என்பதை ஓ.எம்.ஜி. என்று சுருக்கி, 1917-இல் வின்ஸ்டன் சர்ச்சிலுக்குக் கடிதம் எழுதியவர் கடற்படைத் தளபதி ஃபிஷர். அப்போது அவருக்கு வயது 76. இதைக் கேட்டதிலிருந்து அப்பா குழுவில் ஓ.எம்.ஜி. போடத் தொடங்கியிருக்கிறார். புள்ளிகளோடு.

பொய் சொல்வது ஒன்றுதான். அதற்குத் தாத்தா காலத்தில் புளுகு, கப்சா. எங்கள் காலத்தில் பீலா, ரீல். மகள் காலத்தில் உருட்டு. சரக்கு பழையது, லேபிள்தான் மாறுகிறது. இவ்வளவு தெரிந்தும் 'உருட்டு' என்றால் எனக்கு ஏன் சுருக்கென்கிறது? சொல் அசிங்கமாக இருப்பதால் அல்ல. அது என்னைக் கேட்காமல் வந்துவிட்டது, அதனால்தான். பேச்சுவழக்கில் புதிதாய் எது புகுந்தாலும் நம் வயசுப் பசங்கள்தான் புகுத்துவார்கள் என்று இருந்த காலம் போய்விட்டது. இப்போது நான் கடைக்கு வெளியே நிற்கும் வாடிக்கையாளன்.

'பூமர்' என்று மகள் சொன்னபோது சட்டப்படி வாதாடினேன். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் அமெரிக்காவில் 1946 முதல் 1964 வரை பிறந்தவர்களுக்கான பெயர் அது. நான் பிறந்தது 1977-இல். ஆகவே நான் எக்ஸ் தலைமுறை. பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அப்பா, இப்படி விளக்கம் கொடுக்கிறதுக்குப் பேர்தான் பூமர்."

ஆனால் தட்டான் சூத்திரத்தில் ஒரு மருந்தும் ஒளிந்திருந்தது. வாடிக்கையாளருக்குப் புரிந்துவிட்டால் குழூஉக்குறி செத்தது. 'வைப்' என்ற சொல் என் காதைக் குடைந்துகொண்டிருந்த சமயம், மகளின் தோழிகள் வீட்டுக்கு வந்தார்கள். நான் சட்னிக் கிண்ணத்தோடு போய், "என்னம்மா, இட்லி நல்ல வைப்பா இருக்கா?" என்றேன். அதன்பின் அந்தச் சொல் எங்கள் வீட்டில் கேட்கவில்லை. 'கிரிஞ்ச்' இன்னும் சுலபம்; அப்பா ஒரே ஒருமுறை "கிரிஞ்சுதல்" என்று அதைத் தொழிற்பெயராக்கினார், முடிந்தது.

ஆகவே பெற்றோரே, உங்கள் வீட்டில் ஏதாவது சொல் எரிச்சலூட்டினால் திட்டாதீர்கள். திட்டினால் அதற்கு ஆயுசு கூடும். நீங்களே எடுத்துப் பேசுங்கள். பிள்ளைகளின் நண்பர்கள் எதிரில் பேசினால் இன்னும் உத்தமம். தப்பான இடத்தில் போட்டுப் பேசினால் உடனடிப் பலன். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: 'பூமர்' இந்த மருந்துக்கு மசிவதில்லை. நானும் நாள்தோறும் என்னையே அப்படிச் சொல்லிப் பார்க்கிறேன். அது சாகவில்லை. தேவை இருக்கும்வரை சொல் இருக்கும்.