தாயுமானவர் ஊரில் தட்டு கழுவுவது யார்?

கேள்வி: சாப்பிட்ட தட்டைக் கழுவச் சொன்னால், "அது பொம்பளை வேலை, நம்ம ஊர் வழக்கம்" என்கிறார் என் கணவர். என்ன சொல்லட்டும்?
– ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: எந்த ஊர் வழக்கம் என்று கேளுங்கள் அம்மா! முதலில் திருச்சி மலைக்கோட்டைக்கு அழைத்துப் போங்கள். காவிரியில் வெள்ளம் வந்து, தாய் அக்கரையிலேயே நின்றுவிட, இரத்தினாவதி என்ற கர்ப்பிணிக்குத் தாய் வடிவில் வந்து பிரசவம் பார்த்தவர் சிவபெருமான் என்கிறது தலபுராணம். தாயுமானவர் என்ற பெயரே அதனால் வந்ததுதான். சாமியே பேறுகாலம் பார்த்த ஊரில் தட்டு கழுவினால் கௌரவம் குறைந்துவிடுமா?

அடுத்து திருவானைக்காவல். உச்சிக்காலத்தில் அர்ச்சகர் புடவை கட்டி, கிரீடம் வைத்து, அகிலாண்டேஸ்வரியாகவே வந்து ஜம்புகேஸ்வரரைப் பூஜிக்கிறார். உங்கள் அரங்கத்திலோ வைகுண்ட ஏகாதசிக்கு முந்தின நாள் நம்பெருமாளுக்கே நாச்சியார் திருக்கோலம்.

"நம்ம ஸ்ரீரங்கம் தாயார் படிதாண்டாப் பத்தினி ஆயிற்றே" என்று மடக்குவார். மடங்காதீர்கள். பங்குனியில் உறையூர் கமலவல்லி நாச்சியாரிடம் போய்த் திரும்பும் பெருமாளுக்குக் கதவைச் சாத்துபவரும் அதே தாயார்தான். நம்மாழ்வார் சமாதானம் பேசிய பிறகுதான் இருவருக்கும் சேர்த்தி.

வெளியூர் சாட்சி வேண்டுமா? சகாராவின் துவாரெக் மக்களிடம் முகத்தைத் துணியால் மூடுவது ஆண்கள், பெண்கள் மூடுவதில்லை. ஆண் வழக்கம், பெண் வழக்கம் எல்லாம் அந்தந்த ஊர் மனிதர்கள் வைத்துக்கொண்டதுதான்.

இன்று ராத்திரியே தட்டை அவர் கையில் கொடுங்கள். மகன் இருந்தால் அவன் கையிலும் ஒன்று.