வெயிலுக்கு மீட்டர் இல்லை

மரக்காணம் உப்பளத்தில் வெயிலும் காற்றும்தான் எரிபொருள். (தண்ணீர் இறைக்கும் மோட்டாரைக் கணக்கில் சேர்க்காதீர்கள், பாவம்.) பாத்தியில் பூத்த உப்பை வெறுங்காலோடு நின்று பலகையால் வாரிக்கொண்டிருப்பவரிடம், "நீங்க பசுமை ஆற்றல் துறையாண்ணே?" என்று கேட்டால், வாருவதை நிறுத்திவிட்டு நம்மை ஒருமுறை ஏற இறங்கப் பார்ப்பார்.

அதே கரையில் வடக்கே, எண்ணூரில் 450 மெகாவாட் அனல்மின் நிலையத்தை 2017இல் மூடினார்கள். 2023இல், 2050க்குள் கார்பன் சமநிலை என்று சென்னைக்குத் திட்டம் போட்டார்கள். 2024 மார்ச்சில் அத்திப்பட்டில் 800 மெகாவாட்டில் புதிதாக ஒன்றைத் திறந்தார்கள். புதுசுக்கு யூனிட்டுக்கு நிலக்கரி குறைவுதான். டயட்டில் இருப்பவர் மினி இட்லியாகப் பார்த்து முப்பது சாப்பிடுவதுபோல.

2025 முதல் மாநகரில் மின்சாரப் பேருந்து ஓடுகிறது. பின்னால் துளி புகை இல்லை. புகைக்குழாயை அத்திப்பட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வருகிறது போல.