நட்டநடுவில் மெட்ராஸ்

விமானத்தில் ஒரு தடவைகூட ஏறியிராத நான்கு பேர் ஆளுக்கொரு விமான கம்பெனி நடத்திய கதை இது. நடந்த இடம் திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றின் மூன்றாம் மாடி; ஆண்டு 2000. ரிச்சி தெருவில் பாகம் பாகமாகப் பேரம் பேசி வாங்கிப் பூட்டிய ஒரு கம்ப்யூட்டர் என் அறையில் இருந்தது. அதில், ஜப்பானின் கோயி கம்பெனி சூப்பர் நின்டெண்டோவுக்காகச் செய்த ‘ஏரோபிஸ் சூப்பர்சோனிக்’ விளையாட்டை, நின்டெண்டோ பெட்டியைக் கண்ணால்கூடப் பார்த்திராத நாங்கள், எமுலேட்டர் போட்டு ஓட்டினோம். நாலு பேர் ஆடலாம் என்பதால் நாலு பேரும் ஆடினோம், ஒரே கீபோர்டில், முறை வைத்து, குழாயடிக்கு வரிசை நிற்கிற பொறுமையோடு.

ஆட்டம் தொடங்கும் முன் ஒரு தலைமை ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இன்றைக்கு ஹப் என்கிறோம். எங்கள் ஊர் ஆசாரி வண்டிச் சக்கரத்துக்கு முதலில் குடத்தைக் கடைந்துவிட்டுத்தான் ஆரக்கால்களை அறைவார். அதே கதைதான், குடம் சரியில்லை என்றால் எத்தனை ஆரக்கால் அறைந்தும் வண்டி நகராது. விழுப்புரத்தில் இறங்கி, டீ குடித்து, பஸ் மாறி ஊருக்குப் போனவனுக்கு இதையெல்லாம் யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் அந்த ஒரு ஊரைத் தேர்ந்தெடுக்க நாங்கள் எடுத்துக்கொண்ட நேரத்தில் இரண்டு கல்யாணங்களுக்கு ஜாதகம் பொருத்தியிருக்கலாம்.

பட்டுக்கோட்டைக்காரன் யோசிக்கவே இல்லை, சிங்கப்பூர் என்றான். அங்கே அவனுடைய சித்தப்பா இருந்தார். ஒவ்வொரு வரவிலும் கோடாலித் தைலமும் பூப்போட்ட போர்வையும் கொண்டுவருகிற ஊர் எப்படி நஷ்டப்படும் என்பது அவன் வாதம். கோவில்பட்டிக்காரன் லண்டன், காரணம் லார்ட்ஸ் மைதானம். ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்த்த அண்ணன் மட்டும் ஒவ்வொரு ஊராகத் தட்டி, மக்கள்தொகையைச் சிகரெட் அட்டையின் பின்புறம் குறித்துக்கொண்டு, கடைசியில் நியூயார்க் என்றார். எனக்கு மெட்ராஸ்தான் வேண்டும். அந்த உலகப் படத்தில் மெட்ராஸ் இல்லை. அரை மணி நேரம் கோபித்துக்கொண்டு வராந்தாவில் நின்றுவிட்டு, தேசபக்தியின் பேரில் டெல்லியை எடுத்தேன்.

1955இல் தொடங்கும் ஆட்டம் அது. நான் வாங்கக்கூடிய விலையில் இருந்த விமானங்கள் டெல்லியிலிருந்து லண்டனை எட்டவில்லை. இதைச் செய்தவனுக்கு இந்தியாவைப் பிடிக்காது என்று தீர்ப்புச் சொன்னேன். 1948 ஜூன் 8ஆம் தேதி பம்பாயிலிருந்து லண்டனுக்குக் கிளம்பிய ஏர் இந்தியாவின் ‘மலபார் பிரின்சஸ்’கூட கெய்ரோவிலும் ஜெனீவாவிலும் இறங்கி இளைப்பாறித்தான் போனது என்று வெகுகாலம் கழித்துப் படித்தபோது, முகம் தெரியாத அந்த ஜப்பானியரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். அண்ணனோ அமெரிக்காவை விட்டு வெளியே வராமலே, ‘பாஸ்போர்ட்டே வேணாம்டா’ என்று சொல்லிக்கொண்டு, ஊருக்கு ஊர் குட்டி விமானங்களைப் பஸ் மாதிரி விட்டுச் சம்பாதித்தார். நான் ஒவ்வொரு நகரத்துக்கும் பேச்சுவார்த்தைக்கு ஆள் அனுப்பிவிட்டு, அனுமதிக்காகக் காத்திருந்தே திவாலானேன். அந்த ஆட்டத்தில் ஒரு சுற்று என்றால் மூன்று மாதம். எங்கள் வாழ்க்கையிலும் அப்போது எல்லாம் மெதுவாகத்தான் நகர்ந்தது என்பதால் அது ஒரு குறையாகவே தெரியவில்லை; அண்ணன் யோசிக்கிற நேரத்தில் கீழே போய் டீ குடித்து, எண்ணெய்க் காகிதத்தில் பஜ்ஜியும் கட்டிக்கொண்டு வந்துவிடலாம்.

அதிலேயே 2000 முதல் 2020 வரை என்று ஒரு பகுதி உண்டு. ஒலியைவிட வேகமான விமானங்கள் உலகமெங்கும் பறக்கும் என்று கற்பனை செய்திருந்தார்கள். நாங்களும் நம்பினோம். 2003 அக்டோபரில் கான்கார்டையே நிறுத்திவிட்டார்கள். 2020 மார்ச்சில் இந்தியாவில் பயணிகள் விமானங்கள் தரையில் நின்றபோது, மொட்டை மாடியில் வடகம் காயவைத்துக்கொண்டு, வெறும் வானத்தைப் பார்த்து, விளையாட்டு முடிகிற வருஷம் இது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இப்போது என் போனிலேயே இப்படியொரு விளையாட்டு இருக்கிறது. அதில் சென்னை உண்டு. ஒரு தட்டில் தலைமையிடமாகிவிட்டது. எந்த ஊரைத் தொட்டாலும் லாபம். நடுநடுவே மசாலாப் பொடி விளம்பரம். கோபித்துக்கொண்டு நிற்க வராந்தாவும் இல்லை, சமாதானப்படுத்திக் கூப்பிட ஆளும் இல்லை. நாலாம் நாள் அழித்துவிட்டேன். அந்தக் காலத்தில் ஒருவர் வெளிநாடு போனால் வேன் பிடித்து மீனம்பாக்கம்வரை போய், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, எது அவருடைய விமானம் என்று தெரியாமல் கிளம்பின எல்லாவற்றுக்கும் கையாட்டிவிட்டு வருவோம். என் மகள் துபாய்க்கு வேலைக்குப் போனபோது டாக்சியிலிருந்து இறங்கி, ‘நீங்க கிளம்புங்கப்பா, பார்க்கிங் காசு ஏறும்’ என்றாள்.

துபாயைச் சொன்னேன். எங்கள் மேன்ஷன் ஆட்டத்தில் அந்த ஊர் யார் நினைவிலும் வரவில்லை. பாகிஸ்தானிடம் வாடகைக்கு வாங்கிய விமானங்களை வைத்து 1985இல்தான் எமிரேட்ஸ் கிளம்பியது. அங்கே யாரோ எங்கள் ஆடிட்டர் அண்ணன் மாதிரி சிகரெட் அட்டையில் கணக்குப் போட்டிருக்க வேண்டும். போன வருஷம் மகள் வீட்டில் இருந்துவிட்டு, பட்டுக்கோட்டைக்காரன் வீட்டுக் கல்யாணத்துக்காக அங்கிருந்து நேரே சிங்கப்பூர் போனேன். அவன் சித்தப்பாவின் வழியிலேயே போய் அங்கேயே தங்கிவிட்டவன். முன் இருக்கையின் முதுகில் இருந்த திரையில் எங்கள் விமானம் ஊர்ந்துகொண்டிருந்தது. பாதி ராத்திரியில் விழித்துப் பார்த்தால், அந்தக் குட்டி விமானத்தின் மூக்குக்குக் கீழே சென்னை. வீடு திரும்பியதும் மகளின் பழைய அட்லஸை எடுத்து, துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் நூல் பிடித்துப் பார்த்தேன். நட்டநடுவில் மெட்ராஸ், இந்தப் பக்கம் சுமார் 2,900 கிலோமீட்டர், அந்தப் பக்கம் சுமார் 2,900 கிலோமீட்டர். 2000இல் அந்த நூல் கையில் கிடைத்திருந்தால் மேன்ஷனையே கூட்டியிருப்பேன்.

சாங்கி விமான நிலையத்துக்கு அழைக்க வந்தவன், ‘வழியில எங்கயாச்சும் நிறுத்துனானாடா?’ என்றான். மெட்ராசில் நிறுத்தவில்லை என்றேன். புரிந்துகொண்டு, கார் வரும்வரை சிரித்தான். ஊர் திரும்பும்போது அரை டஜன் கோடாலித் தைலம் வாங்கித் தந்தான். இப்போது எங்கள் தெரு முனை மருந்துக் கடையிலேயே கிடைக்கிறது.