ஆலை விலையில் ஒரு சைக்கிள்

சிங்கப்பூரின் மிக உயரமான இயற்கை இடம் புக்கித் தீமா குன்று. உச்சி வரை அளந்தாலும் 164 மீட்டர் தேறாது. அப்படிப்பட்ட நாட்டில், சைக்கிள் எடையில் 300 கிராம் குறைக்க வேண்டும் என்று நடுத்தர வயது ஆசாமி ஒருவர் இரவெல்லாம் கண் விழிக்கிறார் என்றால், அதற்கான காரணத்தை நிலவியலில் தேடக் கூடாது.

அந்த ஆசாமிதான் நம்மவர். சொந்த ஊர் கொள்ளிடக் கரை; கணினி வேலைக்கு வந்து செங்காங் வீவக அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கிறார். தொழில்முறைப் பந்தய சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று உலக சைக்கிள் பந்தய அமைப்பான யூசிஐ 2000-இல் விதி போட்டது அவருக்குத் தெரியும். அந்த விதி தன்னைக் கட்டுப்படுத்தாது என்பதில் அவருக்குத் தனி மகிழ்ச்சி. இத்தனைக்கும் அவரது தொப்பை மட்டும் ஒரு பந்தய சைக்கிள் எடை இருக்கும் என்பது வீட்டில் உள்ளவர்களின் கணிப்பு.

பெயர் பெற்ற பிராண்டின் உயர்ரக கார்பன் ஃப்ரேம் பல ஆயிரம் வெள்ளி. ஃப்ரேமும் ஃபோர்க்கும் மட்டும்தான். சக்கரம், பெடல், உட்கார சீட்டு எல்லாம் தனிக்காசு. சீனாவின் சியாமென் நகரத்து ஆலையிடம் நேரே கேட்டாலோ ஆயிரம் வெள்ளிக்குள் கதை முடிந்துவிடும். "எல்லாத்தையும் அங்கதானே செய்யறான்? நடுவுல பிராண்டுக்காரனுக்கு எதுக்குத் தண்டம் அழணும்?" என்பது நம்மவரின் வாதம். சைக்கிள் கூட்டங்களில் ரொட்டி பராட்டாவும் தே தாரிக்கும் மேசைக்கு வந்ததும் இந்த வாதமும் வந்து உட்கார்ந்துவிடும்.

வாதத்தில் பாதி உண்மை. தைவானின் ஜயன்ட், மெரிடா இரண்டுமே 1972-இல் பிறந்தவை. இரண்டும் அடுத்தவன் பெயருக்குச் சைக்கிள் செய்து கொடுத்தே வளர்ந்தவை. அமெரிக்காவின் ஷ்வின் கம்பெனிக்கு ஜயன்ட் செய்து கொடுத்த சைக்கிள்கள் கொஞ்சநஞ்சமல்ல. 2001-இல் மெரிடா ஒரு படி மேலே போய், ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் கணிசமான பங்கு ஒன்றையே வாங்கிப் போட்டது. வேலைக்காரராக உள்ளே போனவர் வீட்டில் பங்கு கேட்டு வாங்கிவிட்ட கதை.

மீதிப் பாதியை நம்மவர் சத்தம் குறைத்துச் சொல்வார். ஒரே ஊரில் செய்வதாலேயே இரண்டு ஃப்ரேமும் ஒன்றாகிவிடாது. பிராண்டுக்காரரின் அச்சு அவருடைய சொத்து. அதில் வார்த்ததை ஆலை வெளியே விற்க முடியாது. நமக்கு விற்பது ஆலையே வடிவமைத்த 'ஓப்பன் மோல்டு' சரக்கு. யார் கேட்டாலும் கிடைக்கும். ஒரே ஃப்ரேமை ஐரோப்பாவில் ஒரு பெயரிலும் ஆஸ்திரேலியாவில் இன்னொரு பெயரிலும் ஓட்டிக்கொண்டிருப்பார்கள். இருவரும் எதிரெதிரே வந்தால் சங்கடம். இதில் மோசடி எதுவும் இல்லை. மோசடி என்பது பினரெல்லோ பிராண்டின் ஃப்ரேமை அப்படியே நகலெடுத்து, அந்தப் பெயரையும் ஒட்டி விற்பது. அதற்கு உலகம் 'சைனரெல்லோ' என்று செல்லப்பெயர் வைத்திருக்கிறது. நம்மவர் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை.

பேரம் வாட்ஸ்அப்பில் நடந்தது. மறுமுனையில் ஆலையின் விற்பனைப் பெண். நள்ளிரவிலும் அரை நிமிடத்தில் பதில் வரும். ஒவ்வொரு பதிலும் 'அன்பு நண்பரே' என்று தொடங்கும். நம்மவர் தொழில்நுட்பக் கேள்விகளாக அடுக்கினார். டி700 நாரா, டி800 நாரா?

இவை ஜப்பானின் டோரே நிறுவனம் தன் கார்பன் நார்களுக்கு வைத்திருக்கும் எண்கள். டி700-இன் இழுவலிமை 4,900 மெகாபாஸ்கல். டி800-இல் அது 5,880 வரை போகும். நல்ல எண்கள்தான். ஆனால் ஃப்ரேமின் குணத்தைத் தீர்மானிப்பது அந்த எண் மட்டுமல்ல. பிசின் ஊறிய கார்பன் விரிப்பை உறைபெட்டியில் குளிரவைத்து, எடுத்து, தையல்காரர் ரவிக்கைத் துணியை வெட்டுவதுபோல நூற்றுக்கணக்கான துண்டுகளாக வெட்டி, எந்தத் துண்டின் நார் எந்தத் திசையில் ஓட வேண்டும், எது எதன்மேல் எவ்வளவு ஏற வேண்டும் என்று ஆட்கள் கையால் ஒட்டுகிறார்கள். பிறகு உள்ளே காற்றுப்பை வைத்து, இரும்பு அச்சில் அடைத்து, சூடேற்றி அழுத்துகிறார்கள். ஒட்டுகிற கை சலித்துப்போய் ஒரு துண்டைத் திருப்பி வைத்தால் டி800 வந்து காப்பாற்றாது. விண்வெளி யுகப் பொருள் என்று விளம்பரம் செய்கிறார்கள். உள்ளே நடப்பது முழுக்கக் குடிசைத்தொழில்.

"டி800, அன்பு நண்பரே. வேண்டுமானால் டி1000-உம் போடலாம்" என்றது பதில்.

பிராண்டுக்காரர் கூடுதலாக வாங்கும் காசு எங்கே போகிறது? விளம்பரத்துக்கும் கடை வாடகைக்கும் பந்தயக் குழுவுக்கும் கொஞ்சம் போகிறது. மிச்சத்துக்கு 'கவலைக்கூலி' என்று பெயர் வைக்கலாம். ஐஎஸ்ஓ 4210 சோதனையில் ஃபோர்க் தாங்குமா என்று கவலைப்பட ஓர் ஆள், வாரண்டிக்கு ஓர் ஆள், அச்சு தேய்ந்துவிட்டதா என்று பார்க்க ஓர் ஆள், ஐந்து வருடம் கழித்து ஹேங்கர் உடைந்தால் மாற்று கிடைக்குமா என்பதற்கு ஓர் ஆள். ஆலையில் நேரே வாங்குகிறவர் இத்தனை பேரின் வேலையையும் சம்பளமில்லாமல் ஏற்றுக்கொள்கிறார். நம்மவருக்கு அது ஒத்துவந்தது. கவலைப்படுவதில் அவர் பரம்பரையாகவே தேர்ந்தவர்.

ஹேங்கர் கவலை மட்டும் தானாகத் தீர்ந்தது. கியர் மாற்றும் டீரெய்லர் தொங்கும் அந்தச் சின்ன அலுமினியத் துண்டு முன்பெல்லாம் ஃப்ரேமுக்கு ஒரு வடிவம். கீழே விழுந்து வளைந்தால் உலகம் முழுக்கத் தேட வேண்டும். ஸ்ராம் நிறுவனம் 2019-இல் எல்லாருக்கும் பொதுவான ஒரு வடிவத்தைக் கொண்டுவந்தது. சீன ஆலைகளும் அதைப் பிடித்துக்கொண்டன. இனி உடைந்தால் எந்தக் கடையிலும் வாங்கலாம். இவ்வளவு எளிய விஷயத்துக்கு இத்தனை காலம் ஆனது சைக்கிள் தொழிலின் லட்சணம்.

"டவுன் டியூபில் என்ன பெயர் எழுதட்டும், அன்பு நண்பரே?" என்று ஒருநாள் கேட்டார் விற்பனைப் பெண். எந்தப் பெயரானாலும் எழுதித் தருவார்களாம், காசில்லாமல். நம்மவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிராண்டை ஒழிக்கக் கிளம்பியவருக்கே ஒரு பிராண்ட் கிடைத்துவிட்டது. 'கொள்ளிடம்' என்று தமிழில் எழுதும்படி அனுப்பினார்.

"ஏங்க, அந்த ஆத்துல தண்ணியே வர்றதில்ல. அந்தப் பேரை வச்சா சைக்கிள் ஓடுமா?" என்றார் மனைவி.

வரைபடம் வந்தது. ஆலையின் மென்பொருளுக்குத் தமிழ் பழக்கமில்லை. 'கொ'வில் இருந்த கொம்பைத் தனியே கழற்றி, காலைத் தனியே கழற்றி, இரண்டுக்கும் பக்கத்தில் புள்ளிகளால் ஆன ஒவ்வொரு வட்டத்தைப் போட்டு வைத்திருந்தது. ளகரத்தின் புள்ளி பக்கத்து எழுத்தின் தலையில் ஏறியிருந்தது. நம்மவர் சரியான எழுத்தைப் படமாகவே எடுத்து அனுப்பினார். "கிடைத்தது, அன்பு நண்பரே. மிக அழகு" என்று பதில் வந்தது. அதற்குள் ஃப்ரேம் பெயின்ட் அடிக்கப் போயிருந்தது.

கடைசியாக ஒரு கேள்வி: சுங்கத்துக்காக மதிப்பைக் குறைத்து எழுதட்டுமா? சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தமிழனிடம் கேட்கக் கூடாத கேள்வி. சாலையில் சிவப்பு விளக்கு எரிந்தால், ஒரு வண்டியும் இல்லாத அதிகாலையிலும் நின்று பச்சைக்குக் காத்திருப்பவர் நம்மவர். முழு மதிப்பு, 2024 முதல் நடப்பில் இருக்கும் 9 சதவீத ஜிஎஸ்டி, எல்லாம் கட்டியாயிற்று.

பெட்டி வந்தது. ஃப்ரேமைப் பயணப்பெட்டி எடை பார்க்கும் கைத்தராசில் தொங்கவிட்டார். சொன்னதைவிட 70 கிராம் கூடுதல். "பெயின்ட், அன்பு நண்பரே" என்றது வாட்ஸ்அப். பிறகு 20 காசு நாணயத்தை எடுத்து ஃப்ரேம் முழுக்கத் தட்டினார். நல்ல கார்பன் 'டிங்' என்று தெளிவாக ஒலிக்கும். உள்ளே அடுக்குகள் பிரிந்திருந்தால் ஒலி மொத்தையாக அடங்கும். விமானப் பராமரிப்பிலும் இந்தத் தட்டல் சோதனை உண்டு. ரவுல் லுஷர் என்ற மெல்பர்ன் பொறியாளர் ஃப்ரேம்களை நெடுக்காக அறுத்து, உள்ளே இருக்கும் சுருக்கத்தையும் காற்றுக்குமிழையும் காட்டும் காணொளிகள் பிரபலம். விலையுயர்ந்த பிராண்டுகளும் அவர் ரம்பத்துக்குத் தப்புவதில்லை. அவற்றைப் பார்த்துவிட்டுத் தூங்கப் போகக் கூடாது. நம்மவர் அவற்றைப் பார்த்துவிட்டுத்தான் தூங்கப் போவார்.

கிராங்க் சுழலும் இடத்துக்குப் பாட்டம் பிராக்கெட் என்று பெயர். இதில் மட்டும் ஒரு டஜனுக்கு மேல் அளவுகள். பிபி86 என்பது 41 மில்லிமீட்டர் துளைக்குள் பேரிங்கை அழுத்தி இறக்கும் வகை. துளை இம்மி கோணினாலும் மிதிக்கும்போதெல்லாம் கிரீச்சிடும். ஆகவே நம்மவர் திருகு மரையுள்ள பழைய பி.எஸ்.ஏ அளவையே கேட்டு வாங்கினார். துப்பாக்கி செய்துகொண்டிருந்த பர்மிங்ஹாம் கம்பெனியின் பெயர் அது. அம்பத்தூர் டிஐ சைக்கிள்ஸ் வழியாகத் தமிழ்நாட்டுத் தெருவெல்லாம் ஓடிய பி.எஸ்.ஏ எஸ்.எல்.ஆரின் பெயரும் அதுதான். அங்குலத்துக்கு 24 மரை. வலப்பக்கக் கப் மட்டும் எதிர்த்திசையில் முறுகும். மிதிக்க மிதிக்க அது தானாகக் கழன்றுவிடாமல் இருக்க அந்த ஏற்பாடு. இடப்பக்கப் பெடலில் எதிர்மரை இருப்பதும் இதே காரணத்துக்குத்தான். அதை விளம்பரப்படுத்தி விற்றவர்களில், பின்னாளில் விமானம் செய்த ரைட் சகோதரர்களும் உண்டு.

அடுத்தது பிரேக் குழாய். இந்தக் கால ஃப்ரேமில் ஒரு கேபிளும் வெளியே தெரியக் கூடாது. ஹேண்டில்பாருக்குள் நுழைந்து, ஹெட்செட் பேரிங்கின் நடுவே புகுந்து, ஃப்ரேமின் வயிற்றுக்குள் ஓடிப் பின்சக்கரத்தருகே தலைகாட்ட வேண்டும். காற்றுத் தடை குறைகிறதாம். சனிக்கிழமைக் காலையில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு அதனால் என்ன லாபம் என்று யாரும் கணக்குப் போடுவதில்லை. நஷ்டம் மட்டும் தெளிவு: ஒரு பேரிங்கை மாற்ற வேண்டுமானால் பிரேக் எண்ணெயையே வடிக்க வேண்டும்.

குழாய் உள்ளே போனது. வெளியே வரவில்லை. நம்மவர் டார்ச் அடித்தார், காந்தம் வைத்தார், ஃப்ரேமைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கினார். பிறகு மனைவியின் தையல் நூலை மேல் துளையில் விட்டு, பின் துளையில் வேக்கம் கிளீனரின் வாயை வைத்து, சுற்றிலும் கையால் பொத்தி, சுவிட்சைப் போட்டார். நூல் 'சர்' என்று ஓடியது. நூலில் கயிறு, கயிற்றில் குழாய். குழாய் முனை எட்டிப் பார்த்ததும் அவர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. நூல் முழுவதும் வேக்கம் கிளீனருக்குள் சுற்றிக்கொண்டது தனி வழக்கு.

ஃபோர்க் தண்டை அறுக்கும் வேலை பாக்கி. கூடுதலாக அறுத்தால் புது ஃபோர்க்தான் வாங்க வேண்டும். மூக்கில் முகக்கவசம், கார்பன் தூள் பறக்காமல் இருக்க ஈரத்துணி, பக்கத்தில் மனைவி. "கொஞ்சம் நீளமாவே விடுங்க. உங்களுக்கு முதுகு வளையாது" என்றார் அவர். அந்தக் கட்டுமானத்தில் யாராவது சொன்ன ஒரே பொறியியல் ஆலோசனை அதுதான், நம்மவரும் கேட்டுக்கொண்டார்.

கணக்கு நோட்டில் ஃப்ரேமின் விலை பளிச்சென்று முதல் பக்கத்தில் இருக்கிறது. போல்ட்டை 5 நியூட்டன் மீட்டருக்கு மேல் முறுக்கவிடாத டார்க் ரெஞ்ச், பாட்டம் பிராக்கெட் சாவி, குழாய் வெட்டி, பிரேக் எண்ணெய் ஏற்றும் ஊசி, கார்பன் பேஸ்ட், ரம்பம், ரிப்பேர் ஸ்டாண்ட் ஆகியவை வேறொரு பக்கத்தில், 'முதலீடு' என்ற தலைப்பின்கீழ். இரண்டு பக்கங்களையும் கூட்டும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

சாங்கி கடலோரச் சாலையில் முதல் ஓட்டம். 2022 முதல் இங்கே சாலையில் ஒற்றை வரிசை என்றால் ஐந்து சைக்கிள்தான் சேர்ந்து போகலாம். இருவர் இருவராகப் போனால் பத்து. நம்மவர் ஐந்தாவது ஆள். சைக்கிள் பறந்தது என்று எழுத ஆசைதான். ஓடியது, நேராக ஓடியது, பிரேக் பிடித்தால் நின்றது. அதுவே பெரிய விஷயம். ஆனால் வலக்காலை மிதிக்கும்போதெல்லாம் 'டிக்' என்றொரு சத்தம். முன்னால் போன நான்கு பேரும் திரும்பாமலே தீர்ப்புச் சொன்னார்கள்: "சைனா கார்பன்!"

நம்மவர் பாட்டம் பிராக்கெட்டைக் கழற்றி, கிரீஸ் தடவி, மாட்டினார். டிக். பெடலை மாற்றினார். டிக். விரிசல் என்று முடிவு கட்டி, சைக்கிளைக் கட்டிப்பிடித்தபடி லிஃப்டில் இறங்கி, புளோக்குக்குக் கீழே சைக்கிள் கடை வைத்திருக்கும் சீன அங்கிளிடம் போனார்.

"யார் செஞ்சது?" என்றார் அங்கிள்.

"நானே கட்டினேன்."

அங்கிள் ஒன்றும் சொல்லாமல் சீட்டைப் பிடித்து அசைத்தார். டிக். சீட்டின் கம்பியைப் பிடிக்கும் கவ்வியைக் கழற்றி, அழுக்கைத் துடைத்து, துளி கிரீஸ் வைத்து முறுக்கினார். சத்தம் போயே போய்விட்டது. இரண்டு வெள்ளி. தொப்பை இருக்கும் இடத்தை விட்டுவிட்டு மற்ற எல்லா இடத்திலும் தேடியிருக்கிறார் மனிதர்.

இதற்கிடையே சீன ஃப்ரேமைப் பற்றிய ஏளனமும் மெல்லக் குறைகிறது. ஷென்ஜென்னின் எக்ஸ்.டி.எஸ் நிறுவனம் 2025-இல் அஸ்தானா பந்தயக் குழுவோடு கைகோத்தது. டூர் டி ஃபிரான்ஸில் அந்தக் குழு ஓட்டியது சீன நிறுவனத்தின் சொந்த பிராண்ட் சைக்கிளையே. அந்தச் செய்தியை நம்மவர் நான்கு பேருக்கும் அனுப்பினார். மூவர் பதில் போடவில்லை. நான்காமவர் விற்பனைப் பெண்ணின் எண்ணைக் கேட்டார்.

சில வாரம் கழித்து அந்த நண்பரிடமிருந்து படத்துடன் ஒரு செய்தி. ஆலை தன் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் மாதிரிப் படத்தொகுப்பு அது. நம்மவர் ஆசையாக எடுத்து அனுப்பிய சைக்கிள் படம் அதில் முதலாவதாக இருந்தது. ஆனால் நண்பருக்குப் பிடித்தது வேறொருவரின் ஃப்ரேம்: ஆலிவ் பச்சை நிறம், போலந்துக்குப் போனதாம். அதில் பெயர் எதுவும் இல்லை. டவுன் டியூப் நெடுக, புள்ளிகளால் ஆன வட்டங்கள் மட்டும். "இந்த வட்ட டிசைனுக்கு இப்ப நல்ல கிராக்கியாம், அதுக்குத் தனிக் காசு கேக்கறாங்க. நீ எவ்வளவு குடுத்தே?" என்று கேட்டிருந்தார் நண்பர்.