ஆண்டெனா திரும்பிய திசைகள்

எண்பதுகளில் எங்கள் நாகர்கோவில் பக்கத்தில் டி.வி. பார்த்தவர்களுக்குத் தெரியும், சானல் மாற்றுவது பெட்டியின் குமிழைத் திருகுவதோடு முடிகிற காரியம் அல்ல. வீட்டில் ஒருவர் மொட்டை மாடிக்கோ ஓட்டுக் கூரைக்கோ ஏறி, இரும்புப் பைப்பை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்து, திருவனந்தபுரம் வேண்டுமென்றால் வடமேற்காகவும் இலங்கை வேண்டுமென்றால் கிழக்காகவும் ஆண்டெனாவைத் திருப்பியாக வேண்டும். சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்றே தொடங்கியிருந்தது என்றாலும், எழுநூறு கிலோமீட்டர் தெற்கே கிடந்த எங்களுக்கு அது பத்திரிகையில் படிக்கிற சேதி மட்டும்தான். பெரிய லீவுக்கு மெட்ராஸிலிருந்து வரும் சித்தி பிள்ளைகள் ‘ஒளியும் ஒலியும்’ பற்றிப் பேசினால் நாங்கள் வாய் பார்த்துக்கொண்டிருப்போம். தமிழ்நாட்டின் தொங்கலில் இருந்த எங்களுக்குத் தமிழ்நாட்டின் படம் வரவில்லை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவர், ஒருவர் மலைக்கு மேற்கே, ஒருவர் கடலுக்குக் கிழக்கே, தங்கள் வீட்டுக்கென்று ஏற்றிய விளக்கின் வெளிச்சம் எங்கள் முற்றத்திலும் விழுந்தது.

இலங்கையின் ரூபவாகினி ஜப்பான் அரசின் உதவியோடு 1982 பிப்ரவரி 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. திருவனந்தபுரம் தூர்தர்ஷன் 1985 தொடக்கத்திலிருந்து மலையாள நிகழ்ச்சிகளைத் தந்தது. மலையாளம் எங்களுக்கு அந்நியமும் அல்ல. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்த மண் இது. பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்த எங்கள் அப்பா, மலையாளச் செய்தியை ஒரு வார்த்தை விடாமல் கேட்டு, பிறகு அதைத் தமிழில் எங்களுக்கும், விளக்கம் சேர்த்து அம்மைக்கும் சொல்வார். சினிமாப் பாட்டு நிகழ்ச்சியான ‘சித்திரகீதம்’ போட்டால் தெருவில் பாதிப் பேர் எங்கள் திண்ணையில் இருப்பார்கள். ரூபவாகினியில் சிங்களம் ஒரு எழுத்தும் புரியாது, ஆனாலும் பார்ப்போம். தமிழ்ச் செய்தி வரும் நேரத்துக்காகக் காத்திருந்து, அந்த இலங்கைத் தமிழின் நிதானத்தை ரசிப்போம். எங்கள் தெருப் பையன்கள் கொஞ்ச காலம் ஒருவரையொருவர் பார்த்தால் ‘ஆயுபோவன்’ என்று கைகூப்பித் திரிந்தார்கள்.

ரூபவாகினியின் கோபுரம் நின்ற நுவரெலியா பக்கத்துப் பீதுருதாலகாலை மலை எங்கே, நாஞ்சில் நாடு எங்கே! இடையில் மன்னார் வளைகுடா முழுவதும் கிடக்கிறது. அவ்வளவு தூரத்து அலை எப்படி எட்டிப் பார்க்கிறது என்று அன்றைக்கு நாங்கள் யோசித்ததில்லை. ஆண்டெனாவின் உயரத்துக்கும் பூஸ்டரின் சாமர்த்தியத்துக்கும்தான் மரியாதை செய்தோம். பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன்: கடல்மட்டத்தை ஒட்டி ஈரமும் குளிர்ச்சியுமான காற்றும் அதற்கு மேல் சூடான காற்றும் அடுக்காகப் படிந்து நிற்கும் நாள்களில், நேராக வானத்துக்குப் போய்விட வேண்டிய அலை அந்த அடுக்குக்குள் வளைந்து வளைந்து கடலோடு நெடுந்தூரம் ஊர்ந்து வரும். மாசி, பங்குனியில் கடல் அடங்கிக் கிடக்கும் ராத்திரிகளில் படம் கண்ணாடியாய்த் தெரிந்ததும், இடவப்பாதி மழைக்காற்று கிளம்பியதும் ரூபவாகினி கரைந்து போனதும் அதனால்தான். வானிலையை நாங்கள் டி.வி.யில் பார்க்கவில்லை, டி.வி.யை வைத்தே பார்த்தோம் என்றுகூடச் சொல்லலாம்.

அந்த ஆண்டெனாவைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கிறேன். நடுத்தண்டில் மீன்முள் மாதிரி வரிசையாய் அலுமினியக் கம்பிகள், அதில் ஒன்று காக்கை உட்கார்ந்து உட்கார்ந்து சாய்ந்திருக்கும். பைப்பின் உச்சியில் மழை படாமல் பிளாஸ்டிக் தாள் சுற்றிய பூஸ்டர். அங்கிருந்து சன்னல் வழியே இறங்கும் பட்டை வயர், காற்றடித்தால் சுவரில் படபடவென்று அடிக்கும். நான்கு பக்கமும் இழுத்துக் கட்டிய கம்பிகளில் ஒன்று தென்னையில் முடியும். தென்னை ஆடினால் திருவனந்தபுரமும் ஆடும். உப்புக்காற்றில் நட்டு துருப்பிடித்து இறுகிவிடும் என்பதால், மண்ணெண்ணெய் விட்டு இளக்கி, இறுகவிடாமல் வைத்திருப்பது அண்ணனின் ஞாயிற்றுக்கிழமை வேலை. அவன் மேலே நிற்பான், நான் பெட்டிக்கு முன்னால், நடுவில் முற்றத்தில் அம்மை.

“வருதாலே?”

“கோடு ஓடுது. இன்னும் கொஞ்சம் கெழக்க திருப்புண்ணா!”

“இப்பம்?”

“வந்துட்டு, வந்துட்டு… ஐயோ, போச்சு. பழையபடி வைய்யி!”

அம்மை இரண்டு பக்கத்துக்கும் குரலைக் கடத்திக்கொண்டே, அரைத்த கையோடு நின்று எட்டிப் பார்ப்பாள். உங்கள் வீட்டிலும் இந்த மூன்று பேர் இருந்திருப்பார்கள், பெயர்தான் வேறாயிருக்கும். படம் முழுதாய் வராத நாளிலும் யாரும் எழுந்து போனதில்லை. புள்ளி மழைக்குள்ளே ஓர் உருவம் நடக்கும், அது பிரேம் நசீரா மதுவா என்று நடையை வைத்துச் சொல்வோம். சிக்னல் தளரத் தளரப் படமும் மெல்ல மெல்லத்தான் தளரும். கொஞ்சம் கொடுத்தாலும் கொடுத்ததை வைத்துக் கதையைப் பிடித்துக்கொள்ளலாம்.

பிறகு நாகர்கோவிலிலேயே சிறிய ஒளிபரப்புக் கோபுரம் வந்தது. 1987-இல் ராமாயணம் தொடங்கியபோது ஞாயிறு காலையில் தெரு வெறிச்சோடியது எல்லோருக்கும் தெரிந்த கதை. தொண்ணூறுகளில் கேபிள் வந்ததும் ஆண்டெனாக்கள் ஒவ்வொன்றாய் இறங்கின. அலுமினியம் பழைய இரும்புக்காரரிடம் போனது, பைப் கொடிக்கயிறு கட்டும் கால் ஆனது.

இவ்வளவு காலம் கழித்து ஆண்டெனாவை மறுபடி பார்த்தது அமெரிக்காவில், தங்கை மகன் வீட்டில். சன்னல் கண்ணாடியில் ஒட்டிய, நோட்டுப் புத்தக அட்டை கனத்தில் ஒரு தகடு, அதிலிருந்து ஒரு வயர். பெட்டியில் தேடல் பொத்தானை அமுக்கினான். தானே துழாவி 5.1, 5.2, 5.3 என்று அடுக்கிக்கொண்டே போனது. ஒன்றில் உள்ளூர்ச் செய்தி, ஒன்றில் கறுப்பு வெள்ளைப் படம், இன்னொன்றில் நாள் முழுக்க மழைமேகத்தின் வரைபடம்.

“மாமா, எல்லாம் ஒரே டவர், ஒரே அலை. புள்ளிக்குப் பிறகு வருகதுதான் உள்சானல். மாசச் சந்தா ஒண்ணும் கிடையாது, பாத்துக்கிடுங்க” என்றான்.

நம் நாட்டின் பழைய அனலாக் முறையில் வி.எச்.எஃப். வரிசையில் 7 மெகாஹெர்ட்ஸ், யு.எச்.எஃப். வரிசையில் 8 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை ஒரே ஒரு சானல் முழுக்க எடுத்துக்கொள்ளும். டிஜிட்டலில் படத்தையும் ஒலியையும் எண்களாக்கிச் சுருக்கி, பல நிகழ்ச்சிகளை ஒரே அலையில் பின்னி அனுப்புகிறார்கள். எந்த இழை எந்தச் சானலுக்கு என்ற அட்டவணையும் கூடவே வருகிறது, பெட்டி அதைப் படித்துப் பிரித்துக்கொள்கிறது. அமெரிக்காவின் பெரிய நிலையங்கள் எல்லாம் 2009 ஜூன் 12-ஓடு அனலாக்கை நிறுத்திவிட்டன. ஒன்று மட்டும் எனக்கு மனசு ஒப்பவில்லை. டிஜிட்டலில் புள்ளி மழை கிடையாது. சிக்னல் ஓர் அளவு இருக்கும்வரை படம் அப்பழுக்கில்லாமல் இருக்கும், அந்த அளவுக்குக் கீழே போனால் கட்டம் கட்டமாய் உடைந்து மொத்தமும் இல்லாமல் போகும். நடையை வைத்து நசீரைக் கண்டுபிடிக்க அதில் வழி இல்லை.

இந்தியாவிலும் அது வந்தது. 2016 பிப்ரவரியில் தூர்தர்ஷன் 16 நகரங்களில் டிவிபி-டி2 முறையில் டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பைத் தொடங்கியதாக அறிவித்தது. தமிழ்நாட்டிலிருந்து அதில் இருந்தது சென்னை. ஒரே அலையில் ஐந்து சானல், கைபேசியில் சின்னக் கருவியைச் செருகினால் நெட் இல்லாமலே பார்க்கலாம் என்றார்கள். எத்தனை பேருக்குத் தெரிந்தது? நான் விசாரித்த சென்னைச் சொந்தக்காரர்கள் யாரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. 2021 அக்டோபரிலிருந்து 2022 மார்ச்சுக்குள் நாடு முழுக்க 400-க்கும் மேற்பட்ட அனலாக் ஒளிபரப்பிகளை நிறுத்தும் திட்டத்தைத் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி வெளியிட்டது. 2004-இல் தொடங்கிய இலவச டிஷ் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, நல்லதுதான், ஆனால் வள்ளத்தில் டிஷ்ஷை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது?

வள்ளத்தைச் சும்மா இழுக்கவில்லை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபோது எங்கள் மாவட்டத்தில் ரப்பரும் வாழையும் சாய்ந்து, நாள்கணக்கில் கரண்ட் இல்லை, கைபேசிக்கு டவர் இல்லை, கடலுக்குப் போன எத்தனையோ பேர் திரும்பவே இல்லை. ஆழ்கடலில் நின்ற படகுகளுக்குச் செயற்கைக்கோள் வழிதான் சரி. ஆனால் கரைக்கடலில் நிற்கும் வள்ளங்களுக்கு, ஒரே நேரத்தில் எல்லோருக்கும் ஒரே சேதியைச் சொல்ல, உயரமான ஒரு கோபுரத்தை விட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. எத்தனை பேர் பார்த்தாலும் நெரிசல் ஆகாத வழி அது. பெங்களூரிலும் டெல்லியிலும் நொய்டாவிலும், சிம்மோ நெட்டோ இல்லாமல் கைபேசிக்கே நேராக ஒளிபரப்பும் முறையைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அடுத்த சோதனையை எங்கள் கடற்கரையில் செய்யட்டும். நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையத்தை 1984-இல் நாகர்கோவிலில் வைத்தவர்களுக்கு இது புதிய யோசனை அல்ல.

தங்கை மகனிடம் போனில் இதைச் சொன்னேன். 8 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் டிவிபி-டி2 நொடிக்கு 20 மெகாபிட்டுக்கு மேல் தூக்கும், சாதாரணத் தரச் சானல் ஒன்றுக்கு 2 மெகாபிட் போதும் என்று கணக்குப் போட்டான். டிடி தமிழ் ஒன்று, அப்பா கேட்ட மலையாளச் செய்திக்கு ஒன்று, குமரி மாவட்டத்துக்கென்று ஒன்று, இரவும் பகலும் கடல் வானிலைக்கு ஒன்று; அதற்குப் பிறகும் இடம் மிச்சம் இருக்கிறது என்கிறான்.