வாத்தியார் ஓட்டிய வண்டி

பழைய கார் விற்கும் புரோக்கர்களிடம் ஒரு மந்திரச் சொல் உண்டு: "வாத்தியார் ஓட்டின வண்டிங்க." கேட்டதும் வாங்க வந்தவர் முகம் தெளிந்துவிடும். வாத்தியார் என்றால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் துடைப்பார், ஐம்பதைத் தாண்ட மாட்டார், டைரியில் குறித்துவைத்து ஆயில் மாற்றுவார் என்று ஒரு நம்பிக்கை. சேலத்தில் இருபத்தாறு வருஷம் பிளஸ் டூ பையன்களுக்கு இயற்பியல் நடத்திய வாத்தியார் நான். என்னிடம் இரண்டு டீசல் கார்கள் பட்ட பாட்டை இப்போது சொல்லிவிடுகிறேன். கம்பெனி பெயர்கள் வேண்டாம். வண்டிகள் மேல் ஒரு குற்றமும் இல்லை.

2008-ல் முதல் வண்டி தேடினேன். டீசல் அப்போது பெட்ரோலைவிட லிட்டருக்குப் பத்து ரூபாய்க்கு மேல் மலிவு. ஆகவே டீசல் என்பது முடிவாகிவிட்டது. மிச்சம் இருந்தது ஒரே கேள்வி: டர்போ வைத்ததா, சாதாவா? ஸ்டாஃப் ரூம் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. சாதா கட்சியிடம் ஆதாரங்கள் வலுவாக இருந்தன. 1998 கடைசியில் வந்த இண்டிகாவின் 1405 சி.சி. டீசலில் டர்போ கிடையாது. ஊரில் பாதி கால் டாக்ஸி அதுதான். குவாலிஸ் 2446 சி.சி., அதிலும் டர்போ கிடையாது. "அது ஏறாத மலையா?" என்று கணக்கு வாத்தியார் மேஜையைத் தட்டினார். அம்பாசிடரின் 1489 சி.சி. டீசல் வெறும் 37 குதிரை சக்தி. கல்யாண கோஷ்டியையே அள்ளிக்கொண்டு போனது. எதிர்க்கட்சியிடம் இருந்தது ஒரே பெயர், இன்னோவா. அதன் விலையைக் கேட்டதும் எதிர்க்கட்சி உட்கார்ந்துவிட்டது.

யாரும் கேட்காமலேயே நான் எழுந்து வகுப்பெடுத்தேன். ஆல்ஃபிரட் பூஹி என்ற சுவிஸ் இன்ஜினீயர் 1905-லேயே டர்போவுக்கு அடித்தளமான காப்புரிமை வாங்கிவிட்டார். டர்போ டீசல் பயணிகள் காராக முதலில் விற்பனைக்கு வந்தது மெர்சிடிஸ் 300 எஸ்.டி., 1978. தத்துவம் எளிது. கொல்லன் உலையில் கரி எவ்வளவு கொட்டினாலும் துருத்தி ஊதினால்தான் கனல். டீசல் இன்ஜினும் அப்படித்தான். சாதா இன்ஜின் தன் மூச்சைத் தானே இழுத்துக்கொள்கிறது. டர்போ, சைலன்சர் வழியாக வீணாகப் போகும் புகையை வைத்தே ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரத்தால் காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிறது. உள்ளங்கை அகலச் சமாசாரம், நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். "இத்தனை வேகமாகச் சுற்றுவது ஒரு நாள் உடையத்தானே வேண்டும்? எனவே சாதா" என்று தீர்ப்புச் சொல்லி உட்கார்ந்தேன். மணி அடித்தது. மறுவாரம் ஆறு வருஷப் பழசான, டர்போ இல்லாத வெள்ளை வண்டி ஒன்றை வாங்கினேன்.

ஊருக்குள் தங்கமாக ஓடியது. காலையில் ஹீட்டர் பிளக் விளக்கு அணையும்வரை காத்திருந்து சாவியைத் திருப்பினால் தெருவே எழுந்துகொள்ளும். அவ்வளவுதான் குறை. வினை ஏற்காட்டில் வந்தது.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் போட்ட பலகை இருக்கும். வண்டியில் நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், மாமனார், மாமியார், மாமியார் கட்டிவந்த புளியோதரை. ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. ஒன்பதாவது வளைவில் மேலேயிருந்து பஸ் வந்தது. மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழிவிட வேண்டும் என்பது விதி. அந்த விதி பஸ்ஸின் முகத்தைப் பார்த்ததும் எனக்கு மறந்துவிட்டது, நிறுத்திவிட்டேன். மறுபடி எடுத்தால் வண்டி நகரவில்லை. ஆக்சிலேட்டரை மிதித்தேன், பின்னால் கரும்புகை கிளம்பியது. கிளட்ச் தீயும் நாற்றம். முதலில் ஏ.சி.யை அணைத்தேன். பிறகு பிள்ளைகளை இறக்கினேன். கடைசியில் மாமனாரையும் இறக்க வேண்டியதாயிற்று. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஓரத்திலிருந்து ஒரு கல்லை உருட்டிவந்து பின்சக்கரத்துக்கு அண்டை கொடுத்தார். மாமியார் மட்டும் புளியோதரைத் தூக்குடன் உள்ளேயே இருந்தார். "ஏனுங்க மாப்பிள்ளை, நானும் இறங்கட்டுங்களா?" என்று அவர் கேட்ட குரல் இன்னும் காதில் இருக்கிறது.

உயரம் போகப் போகக் காற்றின் அடர்த்தி குறையும் என்பதை எத்தனை வகுப்பில் கரும்பலகையில் எழுதியிருப்பேன்! ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். சேலத்தில் கிடைக்கும் காற்றில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அங்கே குறைந்துவிடும். ஊட்டி போனால் இன்னும் மோசம். தானே மூச்சிழுக்கும் இன்ஜினுக்கு அந்த அளவு பலமும் குறையும். டீசல் மட்டும் அதே அளவு உள்ளே போனால், எரிய வழியில்லாதது கரும்புகையாக வெளியேறும். தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்வி. விடை ஒன்பதாவது வளைவில் என் பின்னால் மிதந்துகொண்டிருந்தது.

அந்த அவமானத்தில் பிறந்த வைராக்கியம்தான் இரண்டாவது வண்டி. 2012-ல் டர்போ வைத்தது, அதுவும் ஆறு வருஷப் பழசு. வாங்கும் முன் எங்கள் மெக்கானிக் காற்றுக் குழாயைக் கழற்றி, உள்ளே விரலை விட்டு அச்சை ஆட்டிப் பார்த்தார். "ஆட்டம் இல்லீங்க, ஆயில் கசிவும் இல்லீங்க. ஓட்டினவர் நல்லா வெச்சிருக்கார்" என்றார். நானும் விரலை விட்டுப் பார்த்துத் தலையாட்டினேன். எதைப் பார்த்துத் தலையாட்டினேன் என்று கேட்காதீர்கள்.

ஓட்டுநர் பக்கத்து சன்வைசரில் கறுப்பு மார்க்கரால் ஒரு வரி எழுதியிருந்தது: "நிறுத்தும் முன் 1 நிமிடம்." முந்தைய ஓனர் தியானம் செய்கிறவர் போலிருக்கிறது என்று நினைத்தேன். தின்னர் தொட்டு அழுத்தித் துடைத்துவிட்டேன்.

முதல் வேலையாக அதே கூட்டத்தை ஏற்றிக்கொண்டு அதே ஏற்காட்டுக்குக் கிளம்பினேன். டர்போதானே, இழுத்துவிடும் என்று ஒன்பதாவது வளைவைத் தேர்டு கியரிலேயே எடுத்தேன். வண்டி முக்கியது. சுற்று குறைவாக இருக்கும்போது புகையில் வேகம் இருக்காது, டர்போ தூங்கும். போதாததற்கு டர்போ இன்ஜின்களுக்குப் பொதுவாகக் கம்ப்ரஷன் விகிதத்தைச் சற்றுக் குறைத்தே வைப்பார்கள், தூங்கும் நேரத்தில் அது சாதாவுக்கும் கீழே. பின்சீட்டில் மாமனார் கதவுக் கைப்பிடியில் கை வைத்துவிட்டார், இறங்கத் தயாராக. பதறிப்போய் செகண்டுக்கு மாற்றி மிதித்தேன். டர்போ விழித்துக்கொண்டது. வண்டி பாய்ந்ததில் தூக்கு கவிழ்ந்து, புளியோதரை மாமியார் மடியில்.

ஆனாலும் மேலே போய்ச் சேர்ந்தோம். ஏறிய பெருமையில், ஏரி ஓரம் நிறுத்தியதும் சாவியைச் சட்டென்று திருப்பி அணைத்துவிட்டுக் கீழே குதித்தேன். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். ஆயில் மாற்றுவதிலும் பழைய வண்டிக் கணக்கையே வைத்துக்கொண்டேன். அது பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் வரை முனகாமல் ஓடியதே!

சில மாதம் கழித்து மெல்லிய விசில் சத்தம் ஒன்று கேட்கத் தொடங்கியது. எனக்குப் பரம சந்தோஷம். "கேட்டீர்களா, அதுதான் டர்போ" என்று வண்டியில் ஏறியவர்களுக்கெல்லாம் சொன்னேன். மாதத்துக்கு மாதம் விசில் கூடியது. என் பெருமையும் கூடியது. ஒரு கட்டத்தில் ஆம்புலன்ஸ் வருவதாக நினைத்து ஒரு மொபட்காரர் ஒதுங்கி வழிவிட்டார். அதையும் ஸ்டாஃப் ரூமில் சொல்லிக் காட்டினேன். அப்புறம் நீலப்புகை வந்தது.

மெக்கானிக் மறுபடி விரலை விட்டார். இந்த முறை அச்சு லொடலொடவென்று ஆடியது. விளக்கம் அவர் வாயால்: "மலையேறி வந்ததும் டர்போ பழுக்கக் காய்ஞ்சு கிடக்குமுங்க. உடனே ஆஃப் பண்ணினா ஆயில் பம்ப் நின்னுபோயிரும். அச்சுல நிக்கிற ஆயில் கருகிக் கரியாயிரும். அடுத்த தடவை அந்தக் கரியே அச்சைத் தேய்க்கும். ஒரு நிமிஷம் சும்மா ஓடவிட்டு அணைக்கோணும். முன்ன ஓட்டினவர் சொல்லலீங்களா?"

சொல்லியிருந்தார். தின்னர் போட்டுத் துடைத்த விஷயத்தை மெக்கானிக்கிடம் நான் சொல்லவில்லை.

"டர்போவைக் கழட்டிப்போட்டு சாதாவா ஓட்டலாமா?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, செய்முறைத் தேர்வில் நான் பையன்களைப் பார்ப்பது. பம்ப் டர்போவின் காற்றுக்குத் தக்கபடி டீசல் அனுப்ப வைத்தது, காற்று இல்லாவிட்டால் கரும்புகைதான், கம்ப்ரஷனும் போதாது என்றார். கூடவே, ஆயில் சீல் மொத்தமாகப் போனால் இன்ஜின் தன் ஆயிலையே குடித்து, சாவியைப் பிடுங்கினாலும் நிற்காமல் ஓடும் என்று ஒரு தகவலையும் போகிற போக்கில் சொன்னார். அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. மறுநாள் பதினெட்டாயிரம் கொடுத்துச் சரிசெய்தேன். மனைவியிடம் சொன்ன கணக்கு எட்டாயிரம்.

இப்போது யாராவது டர்போவா சாதாவா என்று கேட்டால், ஊருக்குள் ஓட்டவும் சர்வீஸை மறக்கவும் சாதா, மலைக்கும் முழுக் குடும்பத்துக்கும் டர்போ என்று சொல்வேன். முன்னால் ஓட்டியவர் யார் என்பதையும் விசாரிக்கச் சொல்வேன்.

அந்த டர்போ வண்டியை 2016-ல் விற்றேன். என்னை வைத்துக்கொண்டே புரோக்கர், "வாத்தியார் ஓட்டின வண்டிங்க" என்றார். நான் குனிந்து டயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாவியைக் கொடுக்கும் முன் ஒரு மார்க்கர் வாங்கிவந்து, சன்வைசரில் அந்த வரியை மறுபடியும் எழுதி வைத்தேன். வாங்கியவரும் வாத்தியார்தான், வேதியியல். அதனால் கொஞ்சம் பெரிய எழுத்தில்.